டிரையல்ஸ் சட்டகத்துக்கு எந்த பாட்டம் பிராக்கெட்? அதை எப்படிப் பொருத்துவது?

பாறை, சுவர் போன்ற தடைகளைக் காலை ஊன்றாமல் சைக்கிளில் தாண்டும் விளையாட்டுதான் டிரையல்ஸ். அதற்கான சைக்கிளில் உட்கார்ந்து ஓட்டும் வேலையே கிடையாது. பல சட்டகங்களில் இருக்கை பொருத்தவே இடமிருக்காது. ஓட்டுபவரின் எடை முழுவதையும் இரண்டு பெடல்கள் வாங்கி, கிராங்க் (பெடலை அச்சோடு இணைக்கும் கை) வழியாக ஒரே அச்சுக்குக் கடத்துகின்றன. அந்த அச்சைத் தாங்கி நிற்பதுதான் பாட்டம் பிராக்கெட், சுருக்கமாக பி.பி. பாறை விட்டுப் பாறை தாவும்போதும், பின்சக்கரத்தில் மட்டும் நின்று துள்ளும்போதும் முதலில் அடி வாங்குவது அதுதான்.

அந்த அடி எவ்வளவு என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 1 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறார். முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, 40 செ.மீ. தூரத்துக்குள் அந்த வேகத்தை உள்வாங்குகிறார் என்றால், பெடல்கள் மீது விழும் சராசரி விசை அவருடைய எடையைப்போல மூன்றரை மடங்கு. காலை விறைப்பாக வைத்து 10 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் அதுவே 11 மடங்கு. உச்ச விசை இந்தச் சராசரியைவிட இன்னும் கூடுதலாக இருக்கும். டயர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்றாலும் மிச்சம் முழுவதும் அந்த அச்சின் மேல்தான்.

ஆகவே பி.பி. தேர்வு செய்யும்போது எடை குறைவா, சுலபமாகச் சுழல்கிறதா என்ற கேள்விகளை நான் பின்னால் தள்ளிவிடுவேன். முதல் கேள்வி ஒன்றுதான்: இது கெட்டுப்போகும்போது முன்கூட்டியே தெரியப்படுத்துமா, இல்லை திடீரென்று கைவிடுமா? பேரிங் தேய்ந்தால் அச்சு ஆடும், உறுமும், கையால் சுழற்றினாலே தெரிந்துவிடும். அச்சு முறிந்தால் எச்சரிக்கை எதுவும் இருக்காது. சுவர் விளிம்பில் ஒற்றைப் பெடலை உதைக்கும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

தேர்வின் பாதியைச் சட்டகமே செய்துவிடும். கிராங்க் அச்சு நுழையும் அந்தக் குட்டைக் குழாயைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் அதைக் கூடு என்று சொல்கிறேன். உள்ளே மரை வெட்டியிருந்தால், அது பெரும்பாலும் பி.எஸ்.ஏ. எனப்படும் ஆங்கிலேய மரை: விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, அகலம் 68 அல்லது 73 மி.மீ. மரையே இல்லாமல் வழவழப்பாக இருந்தால், உள்விட்டத்தை அளந்து பாருங்கள். 37 மி.மீ. என்றால் ஸ்பானிஷ், 41.2 மி.மீ. என்றால் மிட். இந்த இரண்டும் பி.எம்.எக்ஸ். வழியில் வந்தவை. மரையுள்ள கூட்டில் மூன்று வகைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: சதுர முனை அச்சு, ஐசிஸ், வெளிப்புற பேரிங். வழவழப்பான கூடு என்றால் அழுத்திப் பொருத்தும் பேரிங் தவிர வேறு வழியில்லை.

சதுர முனை அச்சு மிகப் பழைய ஏற்பாடு. அச்சின் முனை நான்கு பக்கமும் லேசாகச் சரிந்து கூம்பும்; கிராங்கின் சதுரத் துளை அதன் மேல் ஆப்புபோல ஏறி இறுகும். இதன் நல்ல பக்கம் பேரிங்தான். அச்சு ஏறத்தாழ 17 மி.மீ. தடிமன் மட்டுமே இருப்பதால் கூட்டுக்குள் பெரிய குண்டுகளுக்கு இடம் கிடைக்கிறது, அவை நெடுநாள் உழைக்கின்றன. கெட்ட பக்கம் முனை. கிராங்க் ஏறும் இடத்தில் அச்சு 13 மி.மீ. அளவுக்கு மெலிந்துவிடுகிறது, வளைவு விசை கடுமையாக விழுவதும் அங்கேதான். போதாக்குறைக்கு, கிராங்க் இவ்வளவு தூரம்தான் ஏற வேண்டும் என்று நிறுத்த ஒரு தடுப்பும் இல்லை. கழற்றி மாட்டும்போதெல்லாம் அலுமினிய கிராங்க் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. போல்ட் தளர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டால் சதுரத் துளை உருண்டுபோகும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அந்த கிராங்க் நிற்காது. ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. என்று முனை அளவில் இரண்டு மரபுகள் வேறு இருக்கின்றன. இரண்டையும் கலந்து மாட்டினால் கிராங்க் சில மி.மீ. தள்ளி உட்காரும். சமதளத்தில் சமநிலை பழகும் ஒருவருக்கு இது போதும். உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கியவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இது கெடும்போது எச்சரிக்காத வகையைச் சேர்ந்தது.

ஐசிஸ் என்பது இன்டர்நேஷனல் ஸ்ப்ளைன் இன்டர்ஃபேஸ் ஸ்டாண்டர்ட் என்பதன் சுருக்கம். கிறிஸ் கிங், ரேஸ் ஃபேஸ், ட்ருவேட்டிவ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த பொது அளவுமுறை இது. அச்சின் முனையில் 10 நீளப் பற்கள் இருக்கும், உள்ளே குழாய்போல வெற்றிடம் இருக்கும். வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ. ஓர் உருளைத்தண்டின் வளைவு தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், 17-லிருந்து 21-க்குப் போனால் உள்ளே வெற்றிடமில்லாத தண்டுக்குத் திறன் 1.9 மடங்கை நெருங்கும். நடுவில் வெற்றிடம் இருப்பதால் இழப்பது இதில் சிறு பங்குதான், ஏனென்றால் வளைவைத் தாங்குவது பெரும்பாலும் வெளிப்புறத்து உலோகம். கிராங்க் வந்து முட்டி நிற்க ஒரு தோள்பகுதியும் இருக்கிறது. எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் கிராங்க் அதே இடத்தில்தான் நிற்கும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. கூட்டின் அளவு மாறவில்லை, அச்சு மட்டும் தடித்தது; நடுவில் நசுங்கியது பேரிங். குண்டுகள் சிறுத்தன. மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஐசிஸை வெறுத்து வெளிப்புற பேரிங்குக்கு மாறியதற்குக் காரணம் இதுதான். டிரையல்ஸ் உலகம் அவர்களோடு போகவில்லை. போகாமல் இருந்தது சரிதான் என்பது என் கருத்து. டிரையல்ஸில் அச்சு முழுச் சுற்றுச் சுற்றுவதே அபூர்வம். கால் சுற்று, அரைச் சுற்று உதைப்புகள்தான் அதிகம். சிறிய குண்டுகள் தேய்ந்தாலும் முதலில் லேசான ஆட்டம், பிறகு கரகரப்பு என்று படிப்படியாகத் தெரிவிக்கும். அச்சு உறுதியாக நிற்க, பேரிங் சீக்கிரம் தேய்வது எனக்கு ஏற்கத்தக்க பேரம். டிரையல்ஸுக்கென்றே செய்யப்படும் கிராங்குகளில் பெரும்பாலானவை ஐசிஸ் பற்களோடுதான் வருகின்றன என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிப்புற பேரிங் காகிதத்தில் எல்லோரையும் வென்றுவிடும். அச்சு 24 மி.மீ.; பேரிங்குகள் கூட்டுக்கு வெளியே உட்காருவதால் குண்டுகளும் பெரியவை. இரண்டு பேரிங்குக்கும் இடையே தூரம் கூடுகிறது, பேரிங்கிலிருந்து பெடலுக்கு உள்ள நெம்புகோல் நீளம் குறைகிறது. இயந்திரவியல்படி பார்த்தால் இதுதான் சரியான அமைப்பு. ஆனால் பெரும்பாலான டிரையல்ஸ் சைக்கிள்களில் ஃப்ரீவீல், அதாவது முன்னோக்கி உதைக்கும்போது மட்டும் பிடித்துக்கொள்ளும் பல்சக்கரம், பின்சக்கரத்தில் இருப்பதில்லை. வலது கிராங்கின் மேல் திருகப்பட்டு, கூட்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. வெளிப்புறக் கப் (பேரிங்கைத் தாங்கி, கூட்டில் திருகப்படும் கிண்ணம்) தன் கனத்தை வைக்க விரும்புவதும் அதே இடத்தில்தான். ஃப்ரீவீலை வெளியே தள்ளினால் செயின்லைன், அதாவது சட்டகத்தின் நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் தூரம், கெடுகிறது. இந்த நெருக்கடியால்தான் 24 மி.மீ. அச்சும் ஃப்ரீவீல் மரையும் சேர்ந்த கிராங்குகள் குறைவாகக் கிடைக்கின்றன. பின்சக்கரத்திலேயே ஃப்ரீவீல் வைத்து, பல கியர்களோடு தெரு டிரையல்ஸ் ஓட்டுபவர் என்றால் கதை வேறு. அவருக்கு நான் தயக்கமில்லாமல் வெளிப்புற பேரிங்கைச் சொல்வேன்.

அழுத்திப் பொருத்தும் ஸ்பானிஷ், மிட் வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சட்டகம்தான் அதை முடிவு செய்துவிட்டதே. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே அச்சின் மேல் வரும் இடைக்குழாய். அது ஒரு மி.மீ. குட்டையாக இருந்தாலும் கிராங்கை இறுக்கும்போது பேரிங்குகளின் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டு, பக்கவாட்டுச் சுமையில் சீக்கிரமே செத்துப்போகும். பேரிங்கைச் சுத்தியால் தட்டி ஏற்றாமல், நீண்ட போல்ட்டும் வாஷர்களும் வைத்து நேராக இழுத்து ஏற்றுங்கள். வளையம் சரிந்து ஏறினால் துளை நீள்வட்டமாகிவிடும். அதைச் சரிசெய்ய வழி அநேகமாக இல்லை.

ஆக, முன் ஃப்ரீவீலும் மரையுள்ள கூடும் கொண்ட சட்டகத்துக்கு என் தேர்வு ஐசிஸ் கார்ட்ரிட்ஜ், அதாவது அச்சும் பேரிங்குகளும் ஒரே உடலுக்குள் அடங்கிய பி.பி. அடுத்து அச்சின் நீளம். பொதுவான ஐசிஸ் நீளங்கள் 108, 113, 118 மி.மீ.; டிரையல்ஸில் அதிகம் புழங்குவது 128. அகன்ற பின்டயரைத் தாண்டிச் செயின் போக வேண்டும், ஃப்ரீவீலுக்கும் இடம் வேண்டும், அதனால்தான் இந்த நீளம். வாங்கும்போது 68க்கு 128-ஆ, 73க்கு 128-ஆ என்று இரண்டு எண்களையும் பாருங்கள். 68-க்கான கார்ட்ரிட்ஜை 73 கூட்டில் போட்டால் இடது கப் உடலை முழுமையாகப் பற்றாது. பற்றியதுபோல் தோன்றும், முதல் பெரிய இறக்கத்தில் ஆடத் தொடங்கும்.

செயின்லைனை வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுவது நல்லது. பின்னால் தொடங்குங்கள். அச்சிடைவெளி 135 மி.மீ. உள்ள சட்டகத்தில் நடுக்கோடு 67.5-ல் இருக்கும். வலது டிராப்அவுட்டின் (பின்சக்கர அச்சு உட்காரும் சட்டகப் பிளவு) உள்முகத்திலிருந்து பின்பல்லின், அதாவது பின்சக்கரப் பல்சக்கரத்தின், நடுவரை 22 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், செயின்லைன் 45.5. இனி முன்னால் வாருங்கள். இருக்கைக் குழாயின் நடுவை ஆதாரமாக வைத்து அளப்பது வழக்கம். அந்தக் குழாய் குட்டையாகவோ இல்லாமலோ இருக்கும் டிரையல்ஸ் சட்டகத்தில் கூட்டின் விளிம்பையே ஆதாரமாக்கிக்கொள்ளலாம். 68 மி.மீ. கூட்டின் பாதி 34. அப்படியானால் விளிம்பிலிருந்து ஃப்ரீவீல் பல்லின் நடுவரை 11.5 மி.மீ. இருக்க வேண்டும். ஃப்ரீவீலின் உடல் பல்லுக்கு இருபுறமும் நீண்டிருக்கும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், வெளிப்புறக் கப்புக்கு ஏன் இடமில்லை என்பது இந்த ஓர் எண்ணிலேயே விளங்கிவிடும்.

முன்னும் பின்னும் ஒரு மி.மீ.க்குள் பொருந்த வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். ஒற்றைக் கியர் சைக்கிளில் இரண்டு மி.மீ. கோணலை யாரும் உணர மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் நின்ற இடத்திலிருந்து முழு எடையோடு உதைக்கும் விளையாட்டில் செயின் ஒரு பல் தாவினாலே முகம் கைப்பிடியில் மோதும். வித்தியாசம் இருந்தால் முதலில் பின்பல்லின் ஸ்பேசர்களை (இடைவளையங்களை) மாற்றிச் சரிசெய்யுங்கள். பி.பி.யின் வலது விளிம்புக்குப் பின்னால் ஸ்பேசர் வைத்தும் நகர்த்தலாம், ஆனால் அந்த அளவுக்கு மரைப்பிடிப்பு குறையும். அலுமினியக் கூட்டில் மரைப்பிடிப்பைத் தானம் செய்ய எனக்கு விருப்பமில்லை.

இனி பொருத்தும் வேலை. கூட்டின் விளிம்புகளை அதற்கான வெட்டுக்கருவி வைத்துச் சமன்படுத்த வேண்டுமா, வேண்டாமா என்பதில் பலரும் ஒரே பதிலை எல்லா வகைக்கும் சொல்லிவிடுகிறார்கள். வகைக்கு வகை பதில் மாறும். கார்ட்ரிட்ஜில் இரண்டு பேரிங்குகளும் ஒரே உடலுக்குள் இருக்கின்றன. அவற்றை நேர்கோட்டில் வைப்பது அந்த உடல். சட்டகத்தின் விளிம்பில் உட்காருவது பெரும்பாலும் வலது பக்க வளையம் மட்டுமே. அங்கே பெயின்ட் திட்டு, வெல்டிங் துளி இல்லாமல் சுத்தமாக இருந்தால் போதும். வெளிப்புற பேரிங்கில் இடமும் வலமும் தனித்தனிக் கப். விளிம்புகள் இணையாக இல்லாவிட்டால் பேரிங்குகள் ஒன்றையொன்று கோணலாகப் பார்க்கும், அச்சு இரண்டையும் வளைக்கும். அங்கே சமன்படுத்துதல் கட்டாயம். மரையைச் சுத்தப்படுத்துவது மட்டும் எந்த மரைக்கூட்டுக்கும் பொருந்தும். புதுச் சட்டகத்தில் பெயின்டும், பழைய சட்டகத்தில் மண்ணும் மரைக்குள் குடியிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி டேப் (மரை வெட்டும் கருவி) கொண்ட பட்டறையில் ஒருமுறை ஓட்டி எடுப்பது நல்ல செலவு.

வலது பக்க மரை இடதுகை மரை. எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். இடது பக்கம் வழக்கமான மரை. குழப்பமாக இருந்தால் இப்படி நினைவில் வையுங்கள்: கருவியின் கைப்பிடி மேல்நோக்கி இருக்கும்போது, எந்தப் பக்கமாக இருந்தாலும் அதைப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். வலது பக்கத்தை மாற்றி வெட்டியதற்குக் காரணம் உண்டு. சுழலும் பேரிங்கின் சுமை, கப்பை அதற்கு எதிர்த்திசையில் மெல்ல மெல்ல ஊர வைக்கும். அந்த ஊர்தல் கப்பை இறுக்கும் பக்கமாக இருக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

கருவி எதையும் தொடாமல் கையாலேயே பல சுற்றுகள் உள்ளே போக வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே முரண்டு பிடித்தால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். முதலில் வலது பக்கத்தை வளையம் விளிம்பில் முட்டும்வரை ஏற்றி முழுமையாக இறுக்குங்கள். அதன் பிறகே இடது கப். இடதை முதலில் இறுக்கினால் கார்ட்ரிட்ஜ் நடுவில் தொங்கி, வலது வளையம் விளிம்பைத் தொடாமலே இறுகிவிட்டதுபோல ஏமாற்றும். இடது கப் பிளாஸ்டிக்காக வந்திருந்தால் உலோகக் கப் வாங்கி மாற்றுங்கள். ஊருக்குள் ஓட்டும் சைக்கிளுக்குப் பிளாஸ்டிக் போதும், இங்கே போதாது.

பி.பி. கருவியின் 20 பற்கள் கப்புக்குள் ஆழமாகப் பதிவதில்லை, விசை கொடுக்கும்போது வழுக்கும். கிராங்க் போல்ட்டையும் ஒரு பெரிய வாஷரையும் வைத்து, கருவியை அச்சோடு சேர்த்து லேசாகப் பிணைத்துவிட்டால் வழுக்காது. இறுக்கும் அளவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். 35 முதல் 70 நியூட்டன் மீட்டர்வரை பார்க்கலாம், உங்கள் பி.பி.யோடு வந்த தாளில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 நியூட்டன் மீட்டர் என்பது 25 செ.மீ. கைப்பிடியின் நுனியில் சுமார் 20 கிலோ விசை. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் மணிக்கட்டால் இறுக்குபவர்கள் இந்த அளவில் பாதியைக்கூட எட்டுவதில்லை. தளரும் கப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுவே என்று உறுதியாக நம்புகிறேன்.

மரையில் கிரீஸா, த்ரெட்லாக் எனும் மரைப் பசையா? நல்ல மரை, முழு இறுக்கம் இரண்டும் இருந்தால் கிரீஸ் போதும், கிரீஸே சிறந்தது. உலர்ந்த மரையில் உராய்வே பாதி விசையைத் தின்றுவிடும். கிரீஸ் தடவினால் கொடுக்கும் இறுக்கம் உண்மையில் வளையத்தின் மேல் போய்ச் சேரும். அலுமினியக் கூட்டில் எஃகுக் கப் வெறுமனே உட்கார்ந்தால், ஈரம் பட்டதும் இரு உலோகங்களும் அரித்துப் பிணைந்துகொள்ளும். அதையும் கிரீஸ் தடுக்கிறது. சரியாக இறுக்கியும் இடது கப் திரும்பத் திரும்பத் தளர்ந்தால் மட்டும் நடுத்தர வலிமையுள்ள நீல த்ரெட்லாக்குக்குப் போங்கள். அதற்கு மரையில் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். கிரீஸ் மேல் ஊற்றிய த்ரெட்லாக் ஒரு வேலையும் செய்யாது. சிவப்பு வகை வேண்டவே வேண்டாம், அடுத்த முறை கழற்றும்போது கப்போடு மரையும் உரிந்து வரக்கூடும்.

ஐசிஸ் கிராங்கை மாட்டும்போது அவசரம் ஆகாது. பற்களில் மெல்லிய கிரீஸ் தடவி, கிராங்கைக் கையாலேயே தள்ளி, பற்கள் ஒன்றோடொன்று நேராகப் புகுந்ததை உறுதிசெய்த பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும். கோணலாக வைத்து போல்ட்டால் இழுத்தால், எஃகுப் பற்கள் அலுமினியப் பற்களைச் சீவிவிடும். கழற்றவும் ஐசிஸுக்கான இழுப்பான் வேண்டும். சதுர முனைக்கானதன் மெல்லிய நுனி அச்சின் ஓட்டைக்குள்ளேயே புகுந்துவிடும். முதல் சில பயிற்சிகளுக்குப் பின் கிராங்க் போல்ட்டுகளையும் இடது கப்பையும் மீண்டும் ஒருமுறை அளவு பார்த்துவிடுங்கள். புதுப் பாகங்கள் அடி வாங்கியதும் சற்றே அமர்ந்து இடம் கொடுக்கும்.

மரை ஏற்கெனவே கெட்டுப்போன சட்டகம் கையில் இருப்பவருக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. லேசான தேய்மானம் என்றால் டெஃப்ளான் நாடாவோ த்ரெட்லாக்கோ சில காலம் ஓட்டிக் கொடுக்கும். முற்றிலும் உரிந்திருந்தால் 36 மி.மீ. இத்தாலிய மரையாக மறுபடி வெட்டலாம் என்பார்கள். டிரையல்ஸுக்கு இதை நான் ஏற்க மாட்டேன். இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் வழக்கமான மரைதான், எனவே வலது கப் தானாகத் தளரும் பக்கமாகவே ஊரும்; கூட்டின் சுவரும் மெலிந்துவிடும். மரையே தேவைப்படாமல், உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் பி.பி.களும் உண்டு. தெருவில் மெதுவாக ஓட்டும் சைக்கிளுக்கு அவை நல்ல தீர்வு; 11 மடங்கு எடை விழும் இடத்தில் அவற்றை நம்ப முடியாது. சட்டகம் விலை உயர்ந்தது, வேறு இடத்தில் விரிசல் இல்லை என்றால், தேர்ந்த வெல்டிங் பட்டறையில் கூட்டை அறுத்தெடுத்துப் புதுக் கூடு வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அலுமினியம் என்றால் வெல்டிங்குக்குப் பின் வெப்பப் பதம் செய்து தர முடியுமா என்றும் கேளுங்கள்; முடியாது என்று சொன்னால் அந்தச் சட்டகத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு சட்டகம் தேடுங்கள்.